ஆன்லைன் கேம்ல லேக், டிஸ்கனெக்ட், நேட் தொல்லை: காசு குடுத்து எதையும் வாங்குறதுக்கு முன்னாடி இத பாருங்க

"நெட் எல்லாத்துலயும் நல்லாதான் வருது, கேம்ல மட்டும் அடிக்குது, கொஞ்சம் வந்து பாரேன்"னு சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ்னு கூப்பிட்டு கூப்பிட்டு இது எனக்கு ரெண்டாவது வேலை மாதிரி ஆயிருச்சு. போய் பாத்தா என்னைய கூப்பிடுறதுக்கு முன்னாடியே 100 எம்பிபிஎஸ் பிளான 300 ஆக்கியிருப்பாங்க, இல்லனா எட்டு ஆன்டெனாவ விரிச்சிட்டு சிலந்தி மாதிரி உக்காந்திருக்கிற கேமிங் ரவுட்டர் ஒன்னு புதுசா வந்திருக்கும், லேக் மட்டும் அதே இடத்துல அப்படியே இருக்கும். அதனால நான் வழக்கமா என்ன வரிசைல பாப்பேனோ அத அப்படியே எழுதிடறேன். உங்க பிரச்சனை எந்த தலைப்புல வருதோ நேரா அங்க போயிடுங்க, ஒவ்வொன்னுலயும் செலவில்லாதது முதல்ல, பர்ஸ திறக்க வேண்டியது கடைசில.

## முதல்ல இந்த டெஸ்ட், அப்புறம்தான் மத்ததெல்லாம்

ஒரு லேன் கேபிள் எடுத்து கன்சோல நேரா ரவுட்டர்ல சொருகுங்க. ரவுட்டர் ஒரு ரூம்ல, டிவி ஒரு ரூம்லனா கன்சோல தூக்கிட்டு போய் ரவுட்டர் பக்கத்துல ஏதாவது மானிட்டர்ல மாட்டுங்க, ஒரு நாள் சின்ன ஸ்கிரீன்ல விளையாடுனா ஒன்னும் குறைஞ்சிடாது. நிண்டெண்டோ ஸ்விட்ச் பழைய மாடல்ல டாக்ல லேன் போர்ட் கிடையாது, அதுக்கு யுஎஸ்பி லேன் அடாப்டர் வேணும், ஓஎல்இடி மாடலோட டாக்லயும் ஸ்விட்ச் 2 டாக்லயும் போர்ட் இருக்கு. வீட்ல மத்த போன், டிவி, லேப்டாப் எல்லாத்தையும் நெட்ல இருந்து கழட்டிட்டு அரை மணி நேரம் விளையாடுங்க.

இப்ப லேக் இல்லையா? அப்ப லைன் நல்லா இருக்கு, கோளாறு வீட்டுக்குள்ள. மத்தவங்க போன ஆன் பண்ண உடனே திரும்ப வந்தா அடுத்த தலைப்பு உங்களுக்குதான். கேபிள உருவி வைஃபைக்கு மாறுன உடனே வந்தா அதுக்கு அடுத்தது. கேபிள்ல, யாருமே நெட் தொடாதப்பவும் லேக்னா கீழ பிங் (உங்க சிக்னல் சர்வருக்கு போய் திரும்பி வர ஆகுற நேரம்) பத்தின தலைப்புக்கு போங்க.

ஒன்ன மட்டும் மனசுல வச்சுக்கோங்க, ஆன்லைன்ல விளையாடும்போது பெரும்பாலான கேம் 1 எம்பிபிஎஸ் கூட முழுசா இழுக்காது. ஸ்பீட் வேணுங்கிறது கேம டவுன்லோடு பண்றதுக்கும், கிளவுட் கேமிங்குக்கும், நீங்க லைவ் ஸ்ட்ரீம் போடுறதுக்கும். சும்மா விளையாடறதுக்கு வேண்டியது பிங் ஆடாம ஒரே மாதிரி நிக்கிறது, அதுக்கும் பிளான் நம்பருக்கும் பெருசா சம்பந்தம் இல்ல.

## வீட்ல வேற யாராவது நெட் யூஸ் பண்ணா மட்டும் லேக்

நான் போற வீடுகள்ல அதிகமா பாக்கறது இதுதான். தனியா விளையாடும்போது வழுக்கிட்டு போகும், யாராவது வீடியோ கால்ல உக்காந்தா இல்ல போன்ல இருந்து ஏதாவது அப்லோடு ஆனா எதிரி ஆளு டெலிபோர்ட் ஆக ஆரம்பிச்சிடுவான்.

செக் பண்றது சுலபம். லேப்டாப்ப கேபிள்ல மாட்டி 8.8.8.8-க்கு (கூகுளோட சர்வர்) பிங் தொடர்ந்து ஓட விடுங்க. இப்ப இன்னொரு போன்ல ஒரு பெரிய வீடியோவ கிளவுடுக்கு அப்லோடு போடுங்க. 20 மில்லிசெகண்ட்ல இருந்த பிங் அப்லோடு ஓடுற வரைக்கும் 200, 300னு ஏறி, நிறுத்துன உடனே திரும்ப 20-க்கு வந்தா நோய் இதுதான், உங்க கேம் பாக்கெட் (டேட்டா துண்டு) மத்த பாக்கெட்டுக்கு பின்னாடி க்யூல நிக்குது. டவுன்லோடு வச்சும் ஒரு தடவை பாருங்க, ஆனா முக்கால்வாசி வீட்ல குற்றவாளி அப்லோடுதான்.

காசில்லாத வைத்தியம் முதல்ல. யாரு போன் போட்டோ பேக்கப் எடுத்துட்டே இருக்குனு பாருங்க, அத ராத்திரி தூங்கும்போது மட்டும் ஓடுற மாதிரி மாத்துங்க. கிளவுடுக்கு வீடியோ அனுப்புற கேமரா இருந்தா குவாலிட்டிய குறைங்க. பிஎஸ் 5-ல ஸ்கிரீன்ஷாட், கிளிப் எல்லாம் தானா அப்லோடு ஆகுற செட்டிங் ஒன்னு இருக்கு, நீங்களே ஆன் பண்ணி வச்சிட்டு மறந்திருக்கலாம். ஒரு தடவை ரெண்டு மணி நேரம் ரவுட்டர நோண்டிட்டு இருந்தேன், கடைசில பாத்தா பக்கத்து ரூம்ல இன்னொரு கன்சோல் ரெஸ்ட் மோட்ல 80 ஜிபி அப்டேட் இழுத்துட்டு இருக்கு.

அது போதலனா ரவுட்டர் செட்டிங்ஸ்குள்ள போய் எஸ்க்யூஎம்னு (பாக்கெட் க்யூ நீளாம பாத்துக்கிற செட்டிங்) ஒரு ஆப்ஷன் இருக்கானு தேடுங்க, சில ரவுட்டர்ல கேக், எஃப்க்யூ கோடெல்ங்கிற பேர்ல இருக்கும். ஆன் பண்ணிட்டு டவுன்லோடு, அப்லோடு ரெண்டுக்கும் நீங்க கேபிள்ல டெஸ்ட் பண்ணி வந்த ஸ்பீட்ல 90 சதவீதம் போடுங்க. 100 டவுன், 20 அப் வந்துச்சுனா 90, 18. திரும்ப அதே பிங் டெஸ்ட், இன்னும் ஏறுதுனா அப்லோட இன்னும் கொஞ்சம் குறைங்க. ஸ்பீட் டெஸ்ட்ல பத்து குறைஞ்சு காட்டுதேனு வயிறு எரியும், விட்டுடுங்க, அந்த பத்துக்கு பதிலாதான் பிங் நிக்குது. வெறும் "கேமிங் மோட்", "கன்சோலுக்கு முன்னுரிமை"னு ஒரு பட்டன் மட்டும் இருக்கிற ரவுட்டர்ல சில சமயம் உதவும், பல சமயம் அது ஒரு கலர் கலரான படம், அவ்வளவுதான்.

ரவுட்டர்ல எஸ்க்யூஎம் இல்லவே இல்லனா இப்பதான் ரவுட்டர் வாங்கறத பத்தி யோசிக்கணும். பாக்க வேண்டியது ஆன்டெனா எண்ணிக்கை இல்ல, எஸ்க்யூஎம் இருக்கா, அத ஆன் பண்ணா உங்க லைன் ஸ்பீட அந்த ப்ராசஸர் தாங்குமா, இந்த ரெண்டுதான். எஸ்க்யூஎம்முக்கு ப்ராசஸர் வேலை நிறைய, சின்ன ரவுட்டர்ல 500 எம்பிபிஎஸ் லைன போட்டு ஆன் பண்ணா அதுவே மூச்சு வாங்கும். ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டர்ல ஏத்துற இலவச சாஃப்ட்வேர்) ஏத்த முடியுற மாடலா இருந்தா இன்னும் நல்லது, கைல இருக்கிற பழைய ரவுட்டர்லயே அது ஏறுமானு முதல்ல பாத்துடுங்க, செலவே மிச்சம்.

பிளான மாத்தறதுல அர்த்தம் இருக்கிறது ஒரே ஒரு கேஸ்ல, அப்லோடு 5 எம்பிபிஎஸ்க்கும் கீழ இருந்து வீட்ல நாலு பேர் இருந்தா. அப்பவும் டவுன்லோடு நம்பர பாக்காதீங்க, அப்லோடு எவ்வளவுனு கேட்டு வாங்குங்க. கேபிள்ல டெஸ்ட் பண்ணியும் அப்லோடு பிளான்ல சொன்னதுல பாதி கூட வரலனா நீங்க நோண்ட வேண்டியது முடிஞ்சது, கனெக்ஷன் குடுத்தவங்கள கூப்பிடுங்க.

## கேபிள்ல சூப்பர், வைஃபைல மட்டும் லேக்

முதல் கேள்வி, கன்சோல் எந்த வைஃபை பேண்ட்ல (2.4 இல்ல 5 கிகாஹெர்ட்ஸ்) இருக்கு? 2013-ல வந்த முதல் பிஎஸ் 4-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், 5 தெரியாது, 2016-ல வந்த ஸ்லிம், ப்ரோ மாடல்கள்லதான் 5 வந்துச்சு. அந்த பழைய பிஎஸ் 4-க்கு எவ்வளவு விலை குடுத்து ரவுட்டர் வாங்குனாலும் 2.4 தான், அதுக்கு கேபிள்தான் மருந்து. மத்த கன்சோல்ல ரவுட்டர் ரெண்டு பேண்டுக்கும் ஒரே பேர் வச்சிருந்தா கன்சோல் போய் 2.4-ல ஒட்டிக்கிட்டு வர மாட்டேன்னு உக்காந்திருக்கும், ரெண்டுக்கும் வேற வேற பேர் வச்சு 5-ல சேருங்க.

அடுத்தது இடம். கன்சோல் டிவிக்கு பின்னாடி, கதவு வச்ச கேபினட்டுக்குள்ள, ரவுட்டர் பீரோவுக்கு மேல, இப்படி வச்சிட்டு சிக்னல் வரலனா அது என்ன பண்ணும் பாவம். ஒரு வீட்ல ரவுட்டருக்கும் கன்சோலுக்கும் நடுவுல பெரிய மீன் தொட்டி, அத சுத்தி வர ரவுட்டர ரெண்டு அடி தள்ளி வச்சோம், பாதி பிரச்சனை அங்கேயே தீந்துச்சு, தண்ணி வைஃபைய நல்லா குடிக்கும். மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் அடிச்சா நீங்க 2.4-ல இருக்கீங்கனு அர்த்தம். கன்சோல் பக்கத்துல யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் இருந்தா அதையும் தள்ளி வைங்க, அது 2.4-ல இரைச்சல் போடும்.

சேனல்: 2.4-லதான் இருந்தாகணும்னா 1, 6, 11 இதுல கூட்டம் கம்மியா இருக்கிறது ஒன்னு, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5-ல 36-ல இருந்து 48 வரைக்கும் ஏதாவது ஒன்னு. ஆட்டோல விடாதீங்க.

இவ்வளவுக்கும் அடங்கலனா வயர்தான். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரைக்கும் 1 ஜிபிபிஎஸ் தாங்கும், கன்சோல்ல இருக்கிற போர்ட்டும் அவ்வளவுதான், அதனால கேட் 8னு தங்க முலாம் பூசி விக்கிறத பாத்து ஏமாறாதீங்க. பாக்க வேண்டியது உள்ள முழு காப்பரா இருக்கணும், அலுமினியத்துக்கு மேல காப்பர் பூசுன சிசிஏ வேண்டாம். சுவத்துக்குள்ள பைப்ல இழுக்கணும்னா எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க, கரண்ட் வயர் போற அதே பைப்ல லேன் கேபிள நீங்களா திணிக்காதீங்க, அது லேக் பிரச்சனை இல்ல, உயிர் பிரச்சனை.

வயர் இழுக்கவே முடியாத வாடகை வீடா? கரண்ட் வயர் வழியா நெட்ட கொண்டு போற பவர்லைன் அடாப்டர் ஒரு வழி, ஆனா அது வீட்டு வயரிங்க பொறுத்தது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகாம நேரா சுவத்து சாக்கெட்ல சொருகணும், திருப்பி குடுக்க முடியுற மாதிரி வாங்குங்க, ஏன்னா ஒரு வீட்ல அருமையா ஓடுறது அடுத்த வீட்ல படுத்துக்கும். டிவி கோஆக்ஸ் கேபிள் ரூமுக்கு ரூம் போயிருந்து அதுல இப்ப ஒன்னும் ஓடலனா அது வழியா நெட்ட கொண்டு போற மோக்கா அடாப்டர் பவர்லைன விட ரொம்ப நம்பகமானது. மெஷ் (வீடு பூரா வைஃபை பரப்ப ரெண்டு மூணு பாக்ஸா வர்ற செட்) வாங்குனா ஒரு பாக்ஸ கன்சோல் பக்கத்துல வச்சு அதுல இருந்து கன்சோலுக்கு லேன் கேபிள் போடுங்க, பாக்ஸுக்கும் பாக்ஸுக்கும் நடுவுலயும் கேபிள் போட முடிஞ்சா அதுதான் ராஜா. வைஃபைலயே மூணு பாக்ஸ் தாண்டி வர்ற சிக்னல்ல போட்டி கேம் விளையாட முடியாது.

புது வைஃபை ரவுட்டர் கடைசி. அதுவும் கன்சோலுக்கு என்ன தெரியும்னு பாத்து: எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் ரெண்டும் வைஃபை 5, பிஎஸ் 5 வைஃபை 6, பிஎஸ் 5 ப்ரோ வைஃபை 7. சீரிஸ் எக்ஸ் வச்சிட்டு வைஃபை 7 ரவுட்டர் வாங்குனா அது வைஃபை 5 ஆதான் பேசும்.

## நேட் ஸ்ட்ரிக்ட், பார்ட்டி சாட் கேக்கல, ஃப்ரெண்ட் ரூம்ல சேர முடியல

நேட்ங்கிறது வீட்ல இருக்கிற எல்லா டிவைஸும் ஒரே வெளி ஐபி முகவரிய பங்கு போட ரவுட்டர் பண்ற வேலை, அது ரொம்ப கறாரா இருந்தா மத்த பிளேயர் உங்கள நேரா வந்து சேர முடியாது. கன்சோல்ல நெட்வொர்க் டெஸ்ட் ஓட்டி பாருங்க. பிஎஸ்ல டைப் 1, 2, 3னு வரும், 2 வந்தா போதும், 1-க்காக உயிர விட வேண்டாம். எக்ஸ்பாக்ஸ்ல ஓபன், மாடரேட், ஸ்ட்ரிக்ட். நிண்டெண்டோல ஏ-ல இருந்து டி வரைக்கும், அப்புறம் எஃப், ஏ-வோ பி-யோ வந்தா சந்தோஷப்படுங்க.

ரவுட்டர்ல யுபிஎன்பிய (கன்சோல் கேக்கிற போர்ட்ட தானா திறந்து விடுற செட்டிங்) ஆஃப் பண்ணி, சேவ் பண்ணி, ரவுட்டர ரீஸ்டார்ட் பண்ணி, திரும்ப ஆன் பண்ணுங்க, கன்சோலயும் ரெஸ்ட் மோட் இல்லாம முழுசா ஆஃப் பண்ணி போடுங்க. நிறைய பேருக்கு இங்கேயே முடிஞ்சிடும்.

முடியலனா ரவுட்டர் பேஜ்ல வேன் ஐபி (வெளி நெட் பக்கம் ரவுட்டருக்கு கிடைச்ச முகவரி) என்னனு பாருங்க. இந்த ஒரு நம்பர்தான் அடுத்து எந்த பக்கம் போகணும்னு சொல்லும்.

### வேன் ஐபி 192.168-ல ஆரம்பிச்சா

வீட்ல ரெண்டு ரவுட்டர் ஒன்னு பின்னாடி ஒன்னு ஓடுது, நெட் கம்பெனி குடுத்த பெட்டியும் ரவுட்டர், நீங்க வாங்குனதும் ரவுட்டர். கம்பெனி பெட்டிய பிரிட்ஜ் மோட்ல (ரவுட்டர் வேலைய விட்டுட்டு நெட்ட அப்படியே கடத்தி விடுறது) போட சொல்லுங்க, இல்ல உங்களோடத ஆக்சஸ் பாயிண்ட் மோட்ல (வைஃபை மட்டும் குடுக்கிறது) போடுங்க. ரெண்டுல ஒன்னு போதும், ரெண்டையும் பண்ணா நெட்டே வராது.

### 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் இருந்தா

நீங்க சிஜிநேட்குள்ள இருக்கீங்க, அதாவது ஒரே பப்ளிக் ஐபிய கம்பெனி பல வீட்டுக்கு பங்கு போட்டு குடுத்திருக்கு. 10-ல ஆரம்பிச்சா மேல சொன்ன ரெண்டு ரவுட்டர் கதையாவும் இருக்கலாம், இதாவும் இருக்கலாம், வீட்ல ஒரே பெட்டிதான்னா இதுதான். இங்க போர்ட் ஃபார்வர்டு (குறிப்பிட்ட போர்ட்ல வர்றத நேரா கன்சோலுக்கு அனுப்புறது), டிஎம்இசட் (எல்லா போர்ட்டையும் ஒரே டிவைஸுக்கு திறந்து விடுறது), புது ரவுட்டர் எதுவும் வேலைக்கு ஆகாது, ஏன்னா பூட்டு உங்க வீட்டு கதவுல இல்ல, தெருமுனை கேட்ல இருக்கு. எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் இதுக்காக அடுத்தடுத்து ரெண்டு ரவுட்டர் வாங்குனாரு, பாவம். நேரா போன போட்டு "எனக்கு பப்ளிக் ஐபி வேணும்"னு கேளுங்க, சிலர் சும்மா குடுப்பாங்க, சிலர் மாசா மாசம் கொஞ்சம் வாங்குவாங்க, அது ரவுட்டர விட கம்மி.

### சாதாரண பப்ளிக் ஐபிதான், ஆனாலும் ஸ்ட்ரிக்ட்

இப்பதான் போர்ட் ஃபார்வர்டு. முதல்ல கன்சோலுக்கு ரவுட்டர்ல ஒரு ஐபிய ரிசர்வ் பண்ணுங்க, இல்லனா இன்னைக்கு வேலை செஞ்சது அடுத்த வாரம் செய்யாது. எக்ஸ்பாக்ஸுக்கு யுடிபி 3074, பிஎஸ்ஸுக்கு டிசிபி 1935, 3478-ல இருந்து 3480, யுடிபி 3074, 3478, 3479. ஒரு போர்ட்ட ஒரு கன்சோலுக்குதான் குடுக்க முடியும், வீட்ல ரெண்டு எக்ஸ்பாக்ஸ் இருந்தா ஒன்னுல நெட்வொர்க் அட்வான்ஸ்டு செட்டிங்ல மாற்று போர்ட் தேர்ந்தெடுக்கிற ஆப்ஷன் இருக்கு, அத மாத்துங்க. டிஎம்இசட் கடைசி வழி, கன்சோலுக்கு மட்டும், தப்பித்தவறி கூட கம்ப்யூட்டர அதுல போட்டுடாதீங்க.

## டவுன்லோடு ஆமை வேகம்

கணக்கு முதல்ல. எம்பிபிஎஸ்ஸ 8-ஆல வகுத்தாதான் ஒரு செகண்டுக்கு எத்தனை எம்பினு வரும், 100 எம்பிபிஎஸ்னா 12.5 எம்பி. 100 ஜிபி கேம் இறங்க அந்த லைன்ல ரெண்டே கால் மணி நேரம் ஆகும், அது கோளாறு இல்ல.

கணக்குக்கும் கம்மியா வந்தா, பின்னாடி ஏதாவது கேம் ஓடிட்டு இருக்கா பாருங்க, கேம் திறந்திருந்தா கன்சோல் டவுன்லோட தானாவே அமுக்கி வைக்கும், க்ளோஸ் பண்ணா உடனே ஏறும். ஸ்பீட் எப்பவும் 94, 95லயே முட்டிட்டு நின்னா, பிளான் 300-ஆ இருந்தா, கண்ண மூடிட்டு சொல்லலாம், கேபிள் இல்ல போர்ட் 100-லதான் பேசுது. கேபிள்ல எட்டு கம்பில ஒன்னு விட்டுப்போனாலே இப்படி ஆகலாம், கேபிள மாத்தி பாருங்க. அப்பவும் அப்படியேனா ரவுட்டர் லேன் போர்ட்டே 100 தானானு மாடல் நம்பர் போட்டு பாருங்க, பழைய, விலை கம்மியான ரவுட்டர்ல அப்படித்தான் இருக்கும், இதுக்கு ரவுட்டர் மாத்தறது நியாயமான செலவு.

டிஎன்எஸ் (சைட் பேர ஐபி முகவரியா மாத்தி குடுக்கிற சர்வர்) மாத்துனா பிங் குறையும்னு ஊரெல்லாம் சொல்றாங்க. விளையாட்டு ஓடும்போது டிஎன்எஸ்க்கு வேலையே இல்ல. டவுன்லோடுக்கு சில சமயம் வேற சர்வர் கிடைச்சு வேகமாகலாம், மாத்தி பாருங்க, நஷ்டம் இல்ல.

## நடுவுல திடீர்னு கட்டாகி திரும்ப வருது

கட்டாகுற நிமிஷம் ஓடிப்போய் லைட்ட பாருங்க, அதுல பாதி பதில் இருக்கு.

ஃபைபர் பெட்டில எல்ஓஎஸ் லைட் சிவப்பா எரிஞ்சா ஒளி வரல. அந்த மெல்லிசு மஞ்ச வயரோ வெள்ள வயரோ எங்கயாவது மடங்கியிருக்கா, சோபா காலுக்கு அடியில மாட்டியிருக்கானு பாருங்க, மெதுவா நேராக்குங்க. அதுக்கு மேல தொடாதீங்க, கழட்டி கண்ணு கிட்ட வச்சு பாக்கவே கூடாது, அந்த லேசர் கண்ணுக்கு தெரியாது ஆனா கண்ண பதம் பாக்கும். சிவப்பு போகலனா லைன்மேன்தான்.

எல்லா லைட்டும் அணைஞ்சு திரும்ப எரிஞ்சா ரவுட்டரே ரீபூட் ஆகுது: அடாப்டர் வீக், இல்ல சூடு. அதே வோல்ட், அதே இல்ல அதிக ஆம்பியர் உள்ள வேற அடாப்டர் போட்டு பாருங்க, பெட்டிய காத்து படுற இடத்துல வைங்க.

லைட் எல்லாம் ஒழுங்கு, வைஃபை பேர் மட்டும் ஒரு நிமிஷம் காணாம போய் வந்தா 5-ல 52-ல இருந்து 144 வரைக்கும் ஏதோ சேனல்ல இருக்கீங்க. அங்க ரேடார் சிக்னல் தெரிஞ்சா ரவுட்டர் அந்த இடத்த காலி பண்ணியே ஆகணும், வேற வழி இல்ல. 36-48க்கு மாத்துங்க.

டெலிபோன் லைன் வழியா வர்ற டிஎஸ்எல்னா மோடம் பேஜ்ல எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சல தாண்டி சிக்னலுக்கு எவ்வளவு இடம் மிச்சம்ங்கிற நம்பர்) பாருங்க, 6 டிபிக்கு கீழ போனா லைன் தள்ளாடும். ஃபில்டர் இல்லாம போன் மாட்டியிருக்கானு பாத்துட்டு கம்பெனிய கூப்பிடுங்க.

கூப்பிடும்போது ஒரு வாரம் கட்டான தேதி, மணி, எந்த லைட் எப்படி இருந்துச்சுனு எழுதி வச்சு, "கேபிள்ல டெஸ்ட் பண்ணியாச்சு, ரவுட்டர ரீஸ்டார்ட் பண்ணியாச்சு"னு நீங்களே முதல்ல சொல்லிடுங்க, இல்லனா அவங்க அத இருபது நிமிஷம் சொல்லி குடுப்பாங்க.

## கேபிள்ல தனியா விளையாடுனாலும் பிங் உயரம்

கேம்ல எந்த ரீஜன்ல இருக்கீங்கனு பாருங்க, ஃப்ரெண்டு கூட சேர வேற கண்டத்துக்கு மாத்திட்டு திரும்ப மாத்தியிருக்க மாட்டீங்க. ஃபைபர்ல ஒளியே ஆயிரம் கிலோமீட்டர் போய் வர 10 மில்லிசெகண்ட் ஆகும், சர்வர் எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தா 80-க்கு கீழ எந்த ரவுட்டராலயும் கொண்டு வர முடியாது.

பகல்ல 30, ராத்திரி 9 மணிக்கு 120னா கம்பெனி பக்கம் நெரிசல். விடியக்காலை, ராத்திரி ரெண்டு நேரத்துலயும் கேபிள்ல பிங் எடுத்து அனுப்புங்க. ஒரே ஒரு கேம் சர்வருக்கு மட்டும் உயரம்னா அவங்க சுத்து வழில அனுப்புறாங்க, விபிஎன் சில சமயம் நேர் வழிய பிடிச்சு குடுக்கும், ட்ரையல்ல பாருங்க. எதுவும் மாறலனா கனெக்ஷன மாத்தறதுதான்.

மாத்தும்போது ஃபைபர் கிடைச்சா யோசிக்கவே வேண்டாம். 35,786 கிலோமீட்டர் உயரத்துல நிக்கிற சாட்டிலைட் வழியா வர்ற நெட்ல பிங் 500-க்கு மேலதான், ஷூட்டர் கேமுக்கு ஆகாது, 550 கிலோமீட்டர் பக்கம் சுத்துறது பரவால்ல, விளையாடலாம். சிம் போட்ட 4ஜி, 5ஜி பெட்டி நேரத்துக்கு ஒரு மாதிரி ஆடும், சிஜிநேட்டும் பெரும்பாலும் கூடவே வரும். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அப்லோடு எவ்வளவு, பப்ளிக் ஐபி உண்டா, உங்க பெட்டிய பிரிட்ஜ் மோட்ல போட விடுவீங்களா, இந்த மூணையும் கேளுங்க. பதில் சொல்ல திணறுனா வேற ஆள பாருங்க.

## பிங் 15, ஆனாலும் அடிச்சா லேட்டா படுது

நெட்டையே கழட்டிட்டு ஆஃப்லைன் கேம் ஒன்னு போடுங்க. அதுலயும் பட்டன் அமுக்குனா லேட்டா வந்தா உங்க டிவில கேம் மோட் ஆஃப்ல இருக்கு. போய் ஆன் பண்ணுங்க.